ஏலமும் ஏலமும்: குன்னூரில் ஓர் ஆங்கிலச் சொல் வகுப்பு

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து மேலே ஏறும் சாலை ஒன்றில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஒரு வகுப்பு நடத்தி வருகிறார். அது ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பு அன்று. நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, ஒன்றோடொன்று ஒட்டாத பல பொருள்கள் ஒரே சொல்லில் எப்படி வந்து சேர்ந்தன என்பதை மட்டும் ஆறு வாரங்களில் தமிழிலேயே விளக்கும் வகுப்பு. கட்டணம் 1,500 ரூபாய். இடைவேளைத் தேநீரும் வர்க்கியும் அதில் அடக்கம். தென்மேற்குப் பருவமழைக் காலத்து வரிசையில் நான் சேர்ந்து, ஆறு வாரமும் விடாமல் போய்வந்தேன். சேரலாமா என்று அலுவலகத்தில் நான்கைந்து பேர் கேட்டுவிட்டதால், ஆளுக்கொரு முறை சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்புரையில் அதன் சாயல் நிறைய இருக்கும். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. அந்த ஏலத்துக்குப் பட்டியல் தயாரிக்கும் தரகு அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. லாட், கிரேடு, டஸ்ட், ஃபேனிங்ஸ், சாம்பிள், பிட் ஆகிய சொற்களை ஒரு நாளைக்கு நூறு முறையாவது தட்டச்சு செய்கிறேன். இத்தனை ஆண்டுகள் தட்டியும் அவை எனக்குச் சொற்களாகப் பட்டதில்லை. படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களாகவே இருந்தன. இத்தகைய வகுப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கையும் கிடையாது. வேடிக்கைக் கதைகள் நாலைச் சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்ற எண்ணத்தோடுதான் முதல் சனிக்கிழமை மாடியேறினேன்.

எங்கள் வரிசையில் பதினொரு பேர். ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பேக்கரி நடத்தும் தம்பதி, கோத்தகிரியிலிருந்து பேருந்து பிடித்து வரும் பள்ளி ஆசிரியர்கள் இருவர், பிளஸ் டூ படிக்கும் மகளை அழைத்து வந்த ஒரு தாய் என்று கலவையான கூட்டம். வயது வேறுபாடின்றி எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். அவரும் அந்தப் பிளஸ் டூ மாணவியைக்கூட 'நீங்கள்' என்றுதான் விளித்தார்.

முதல் வகுப்பில் டீச்சர் மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு ஜோடிக் கம்மலையும், அதற்கடுத்து அன்றைய நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தையும் வைத்தார். மூன்றுக்கும் பொதுவான சொல் 'மேட்ச்' என்பதை மாணவி உடனே கண்டுபிடித்துவிட்டார். இவற்றில் எவை உறவு, எது அயல் என்பது அடுத்த கேள்வி. தீக்குச்சியிலும் உரசல் உண்டு, கிரிக்கெட்டிலும் உரசல் உண்டு, ஆகவே அவை இரண்டும் உறவு என்று பேக்கரிக்காரர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். உண்மை வேறாக இருந்தது. கம்மலின் ஜோடிப் பொருத்தமும் விளையாட்டுப் போட்டியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் துணை, இணை என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தவை. இணையானவர்களை எதிரெதிரே நிறுத்தினால் அது போட்டி. தீக்குச்சியோ பழைய பிரெஞ்சில் விளக்குத் திரியைக் குறித்த சொல்லின் வழியில் வந்தது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நெருப்பு வைக்கும் கனல் திரிக்கு அந்தப் பெயர் வழங்கி, உரசினால் பற்றும் குச்சி 19ஆம் நூற்றாண்டில் வந்தபோது அதன்மேல் ஏறிக்கொண்டது.

இந்த ஒரு வேறுபாட்டைத்தான் ஆறு வாரமும் வெவ்வேறு விதமாகச் சொன்னார் என்று சொல்லலாம். கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டத்தைச் சாலையிலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்ததுபோல ஒரே மட்டமாகத் தெரியும். எது ஒரே தூரிலிருந்து பரந்த செடி, எது பக்கத்துச் செடியின் கிளை வந்து பின்னிக்கொண்டது என்பது குனிந்து தூரைப் பார்த்தால்தான் விளங்கும். டீச்சர் இந்த உவமையைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோன்றியது. 'ஸ்பிரிங்' ஒரே தூர். துள்ளுதல், பீறிடுதல் என்ற வினையிலிருந்து நீரூற்று, இலை துளிர்க்கும் பருவம், அமுக்கினால் எழும்பும் கம்பிச் சுருள் எல்லாம் கிளைத்தன. 'டேட்' இரண்டு தூர். பேரீச்சம்பழத்தைக் குறிப்பது விரல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; நாளைக் குறிப்பது, ரோமானியர் கடிதத்தில் இன்ன ஊரில் இன்ன நாளில் 'தரப்பட்டது' என்று எழுதிய வழக்கத்திலிருந்து வந்தது. 'ஸ்கேல்' மூன்று தூர்: தராசு வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் கிண்ணத்தைக் குறித்த சொல், மீன் செதில் பழைய பிரெஞ்சு, அளவுகோலும் இசையின் சுரவரிசையும் ஏணியைக் குறிக்கும் லத்தீன் சொல். இந்த மூன்று எடுத்துக்காட்டுகளுக்கே முதல் நாள் காசு செரித்துவிட்டது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது என் மண்டையில் ஒன்று தட்டியது. நான் வேலை பார்க்கும் ஏலத்துக்கும் பாயசத்தில் போடும் ஏலத்துக்கும் என்ன தொடர்பு? இதுநாள்வரை இந்தக் கேள்வி எழாமல் இருந்ததை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. அடுத்த வாரம் கேட்டேன். ஏலக்காயின் ஏலம் இந்த மண்ணின் பழஞ்சொல் என்றும், கூவி விற்கும் ஏலம் போர்ச்சுகீசியரின் 'லெய்லாவோ' நம் கரையில் இறங்கித் தலையை உதிர்த்துக்கொண்டதால் வந்தது என்றும், போர்ச்சுகீசியருக்கும் அது அரபியிலிருந்து கிடைத்தது என்றும் டீச்சர் விளக்கினார். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்தவை. ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் கூத்து என்று நினைத்திருந்தது நம் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். நிகண்டுகளில் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்று ஒரு பகுதியையே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே பொருள்களின் பட்டியல்தான் இருக்கும். தூர் ஒன்றா இரண்டா என்ற கேள்வி வேறு வகைப்பட்டது.

மூன்றாம் வாரம் முழுக்க முழுக்க என் வாரம். அவரவர் தொழிலில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதிவரச் சொல்லியிருந்தார். என் பட்டியலில் முதலில் இருந்தது ஃபேனிங்ஸ். தேயிலைத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: உலர்த்திய தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது, பெருவெட்டான இலைக்கும் பொடிப்பொடியான டஸ்ட்டுக்கும் நடுவே விழும் சன்னமான துகளுக்கு அந்தப் பெயர். அதைப் படித்ததும் டீச்சர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கீழே சமையலறைக்குப் போய், ஒரு மூங்கில் முறத்தோடு திரும்பி வந்தார். டப்பாவிலிருந்து இரண்டு கை தேயிலைத் தூளை அதில் கொட்டி, ஜன்னலோரம் நின்று நாலு புடை புடைத்தார். கனத்த துகள் முறத்தின் உட்புறம் தங்கியது. லேசானது விளிம்புக்கு நகர்ந்தது. அதனினும் லேசானது பறந்து ஜன்னல் கட்டையில் பழுப்பாகப் படிந்தது. "இதுதான் ஃபேன்" என்றார்.

லத்தீனில் 'வன்னுஸ்' என்றால் தானியம் புடைக்கும் முறம். அது பழைய ஆங்கிலத்தில் புகுந்தபோதும் முறத்தைத்தான் குறித்தது. முறம் எழுப்புவது காற்று. அந்தக் காற்றின் வழியாகப் பெயர் கைவிசிறிக்குப் போய், பிறகு மின்சாரத்தில் சுற்றும் விசிறியில் போய் உட்கார்ந்தது. குன்னூரில் பல வீடுகளில் கூரையில் மின்விசிறியே கிடையாது. ஆனால் முறம் இல்லாத வீடு இருக்காது. ஆக, சொல்லின் மூலப்பொருள் இங்கே எல்லார் சமையலறையிலும் தொங்குகிறது. நான் நாள்தோறும் தட்டச்சு செய்யும் ஃபேனிங்ஸ் என்பது 'புடைத்தெடுத்தது' என்பதன்றி வேறில்லை.

அதோடு அவர் நிறுத்தவில்லை. திரைப்பட நடிகரின் ஃபேன் என்கிறோமே, அது இந்த முறத்துக்கு எவ்வகையிலும் உறவில்லை. லத்தீனில் கோயிலுக்கு 'ஃபானும்' என்று பெயர். கோயிலில் சாமி வந்து ஆடுபவரைப் போன்ற ஆவேசக்காரருக்கு அதிலிருந்து வந்த பெயரே ஆங்கிலத்தில் வெறியரைக் குறிக்கும் 'ஃபனாடிக்' ஆகி, 19ஆம் நூற்றாண்டில் வாலை இழந்து 'ஃபேன்' ஆயிற்று. நடிகைக்கே கோயில் கட்டிப் பார்த்தவர்கள் நாம். சொல்லின் பழம்பொருளை அறியாமலே அதற்கு உண்மையாக நடந்திருக்கிறோம். ஆனால் தமிழில் செய்த வேலை இன்னும் வேடிக்கை. ரசிகர் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது, ஆங்கில ஃபேனைப் பார்த்து 'உங்கள் விசிறி' என்று கடிதம் எழுதிய தலைமுறை ஒன்று இருந்தது. என் தந்தையாரும் அவர்களில் ஒருவர். ஆங்கிலத்தில் தற்செயலாக உருவம் ஒத்துப்போன இரண்டு சொற்களில் ஒன்றின் மொழிபெயர்ப்பை மற்றொன்றின் தலையில் கட்டிவிட்டோம். கோயிலில் சாமியாடியவர் தமிழுக்கு வந்ததும் பனையோலை விசிறியாகிவிட்டார். இதை டீச்சர் விளக்கி முடித்தபோது கோத்தகிரி ஆசிரியர் ஒருவர், தாம் இருபது ஆண்டுகள் வகுப்பில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார்.

என் மற்றச் சொற்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. 'லாட்' என்பது ஆதியில் திருவுளச்சீட்டாகப் போடும் மரத்துண்டு. சீட்டு விழுந்து கிடைத்த பங்கு லாட் ஆயிற்று. பிறகு ஏலத்தில் தனித்து விற்கும் குவியலும், கடைசியில் 'நிறைய' என்ற பொருளும் அதிலிருந்தே வந்தன. உத்திரமேரூர்க் குடவோலையை நினைத்துக்கொண்டால் முதல் பொருளும், சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பதை நினைத்துக்கொண்டால் மூன்றாம் பொருளும் தானாக விளங்கும். 'சாம்பிள்' எடுத்துக்காட்டைக் குறிக்கும் 'எக்சாம்பிள்' என்பதன் தலை வெட்டிய உருவம். 'கிரேடு' லத்தீனில் படிக்கட்டின் படி. நம் படியும் சும்மா இல்லை: ஏறும் படி, அளக்கும் படி, நகல் என்ற படி, பயணப்படி, படிப்பதற்கான ஏவல் என்று அது ஒரு குட்டி நிகண்டு. 'பிட்' மட்டும் இரண்டு ஆறுகள் கலந்த இடம். பழைய ஆங்கிலத்தில் வேண்டுதலுக்கு ஒரு வினையும், அறிவித்தல், முன்வைத்தல் என்பதற்கு இன்னொரு வினையும் இருந்து, காலப்போக்கில் உருவம் ஒன்றாகிவிட்டன. ஏலத்தில் கேட்பவர் விலையை முன்வைக்கிறாரா, சரக்கை வேண்டுகிறாரா என்றால், தமிழில் 'ஏலம் கேட்கிறார்' என்று சொல்லி நாம் வேண்டுதல் பக்கம் சாய்ந்துவிட்டோம்.

தேயிலையின் பெயரே இந்த மலையில் இரண்டு வழியில் வந்து நிற்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் 'தே' என்ற உச்சரிப்பு. அது டச்சு வணிகர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'டீ' ஆயிற்று. சீனத்தின் பிற பகுதிகளில் 'சா'. தேயிலை என்று சொல்லும் நாம் முதலாவதைச் சேர்ந்தவர்கள். கூடலூர்ப் பக்கம் சாயா குடிப்பவர்கள் இரண்டாவதைச் சேர்ந்தவர்கள். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பேருந்துப் பயணத்தில் சீனத்து உச்சரிப்பு மாறிவிடுகிறது.

நான்காம் வாரம் வகுப்பைக் குன்னூர் ரயில் நிலையத்துக்கே கொண்டுபோனார். மழை விட்டிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் திறக்கப்பட்டு 1908இல் உதகை வரை நீண்ட மலை ரயில் பாதை இது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த சட்டம் ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ரயில்வேப் பெரியவர் அன்று டீச்சரை விஞ்சிவிட்டார். நடுச்சட்டத்துக்கு ரேக், சக்கரத்துக்குப் பினியன் என்று அவர் பெயர் சொல்ல, பறவையின் சிறகைக் குறிக்கும் 'பினியன்' இறகு என்ற லத்தீன் சொல்லிலிருந்தும், பல்சக்கரத்தைக் குறிக்கும் 'பினியன்' பைன் மரத்துக் காயைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை என்று டீச்சர் தொடர்ந்தார். பைன் காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பல்வரிசை ஒப்புமை புரியும். குன்னூரில் அதைப் பொறுக்கி விளையாடாத பிள்ளை உண்டா?

ஆனால் அன்றைய கதாநாயகன் 'கோச்'. ஹங்கேரியில் கோச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கட்டப்பட்ட குதிரை வண்டிகள் பெயர்பெற்றவை. வண்டிக்கே ஊர்ப்பெயர் வந்து, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. குதிரை போய் எஞ்சின் வந்தபோது ரயில் பெட்டிக்கு அந்தப் பெயர் மாறியது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வு என்னும் தூரத்தைத் தங்களைச் சுமந்து கடத்திவிடும் தனிப்பயிற்சி ஆசிரியரைக் கேலியாகக் கோச் என்று அழைக்க, கேலி நிலைத்து விளையாட்டுப் பயிற்சியாளர்வரை போய்விட்டது. நீட் தேர்வுக்குக் கோச்சிங் போய்க்கொண்டிருந்த அந்த மாணவி, நடைமேடையில் நின்றிருந்த நீலப் பெட்டியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, தம் கோச்சிங் சென்டரிலும் இதேபோல நெருக்கி உட்கார வைத்துத்தான் மெதுவாக ஏற்றுகிறார்கள் என்றார். 'டிரெயின்' இழுத்தல் என்ற பிரெஞ்சு வினையின் பிள்ளை. தரையில் புரளும் ஆடை நுனி, அரசர் பின்னால் வரும் பரிவாரம், எஞ்சின் பின்னால் வரும் பெட்டி வரிசை எல்லாம் இழுபடுபவை. கொடியை இழுத்துக் கட்டிப் பந்தலில் படரவிடுவதிலிருந்து பயிற்சி என்ற பொருளும் பிறந்தது. கோச்சும் டிரெயினும் தனித்தனி ஊர்களில் புறப்பட்டு, ரயிலிலும் சந்தித்து, பயிற்சியிலும் சந்தித்துக்கொண்டன. இதற்குமேல் ஒரு வகுப்பில் என்ன வேண்டும்?

உதகைக்குச் சொந்தமான 'ஸ்னூக்கர்' பற்றி இரண்டே நிமிடம்தான் பேசினார். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி, பந்தைத் தவறவிட்ட சக அதிகாரியைப் பார்த்து, முதலாண்டுப் பயிற்சி வீரரைக் குறிக்கும் அந்த இளக்காரச் சொல்லைச் சொன்னாராம். பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. விதிகள் பின்னர் உதகையில் செம்மைப்பட்டன. பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லேன். நம் மலையின் பெயர் உலக அளவில் இடம்பிடித்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை என்பது என் குறை. பொருள் மாற்றத்தையும் இப்படித்தான் விரட்டிவிட்டார். லத்தீனில் அறியாதவன் என்று தொடங்கிய 'நைஸ்' இனிமையானதாக உயர்ந்ததும், பேறு பெற்றவன் என்று தொடங்கிய 'சில்லி' அசடாகத் தாழ்ந்ததும் கால்மணி நேரத்தில் முடிந்தன. ஆண்டாள் பாசுரத்தில் கற்பூரம் நாறியது நறுமணம். இன்று நாறினால் மூக்கைப் பிடிக்கிறோம். இதை அவர் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசியிருக்கலாம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று வந்தபோது வகுப்பில் சூடு ஏறியது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கில அகராதியில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் சண்டையில்லை. சோலை 'ஷோலா' ஆகி வனவியல் நூல்களில் நிற்பதும் தெரிந்ததே. ஆனால் பேக்கரிக்காரர் எழுந்து, 'ஒன்' என்பது நம் ஒன்று, 'எய்ட்' என்பது நம் எட்டு, இதை மறைக்கிறார்கள் என்று குரலை உயர்த்தினார். டீச்சர் மறுத்துப் பேசவில்லை. 'ஒன்' என்பதன் பழைய ஆங்கில உருவம் 'ஆன்' என்று பலகையில் எழுதினார். தொடக்கத்தில் வரும் வகர ஒலி 15ஆம் நூற்றாண்டையொட்டி வந்து சேர்ந்தது. அது சேராத பழைய உச்சரிப்பை 'அலோன்', 'ஒன்லி' ஆகிய சொற்களில் இன்றும் கேட்கலாம். எட்டுக்கு லத்தீன் 'ஆக்டோ'. பிறகு நம் பக்கம் ஒன்று, ஒரு, ஓர், ஒற்றை என்று அடுக்கி, இரண்டு குடும்பமும் தனித்தனியே எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்று மட்டும் காட்டினார். இன்று காதுக்குக் கேட்கும் ஒற்றுமையைப் பழைய உருவத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் சொன்ன பாடம். பேக்கரிக்காரர் உட்கார்ந்தார், முழு மனதோடு உட்கார்ந்தாரா என்று சொல்ல மாட்டேன். வர்க்கிக்கும் ஏடு என்று பொருள்படும் 'வரக்' என்ற சொல்லுக்கும் உறவா என்று அவர் மனைவி கேட்டதற்கு, ஆதாரம் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று டீச்சர் பதிலளித்ததும் இந்த ஒழுங்கோடு சேர்ந்ததே.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் 1891இல் காலமானது கொடைக்கானலில் என்பதை டீச்சர் சொன்னார். ஆனால் பர்ரோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியை 1961இல் கொண்டுவந்த எமனோ, 1935 முதல் 1938 வரை தோடர்களிடமும் கோத்தர்களிடமும் மொழி கற்றுக் குறிப்பெடுத்தது இதே நீலகிரியில்தான். சொல்லின் தூரைத் தேடும் வகுப்பு இங்கே நடக்கும்போது அவர் பெயர் ஒரு முறையும் வராமல் போனது பெரிய குறை. இது ஆங்கிலச் சொல் வகுப்பு என்று அவர் சமாதானம் சொல்லலாம். ஏலத்தையும் படியையும் பேசிய வகுப்புக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இதைவிடப் பெரிய குறை ஐந்தாம் வாரம். டீச்சருக்கு ஊரில் ஏதோ விசேஷம் இருந்து, மதியம்தான் திரும்பியிருந்தார். களைப்பாக இருந்ததால் சிறப்புப் பேச்சாளர் ஒருவரை அழைத்திருந்தார். பெயர் வேண்டாம். நன்றாகப் பேசக்கூடியவர், அதுதான் சிக்கல். 'நியூஸ்' என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்றார். ஹோட்டலில் கொடுக்கும் 'டிப்', விரைவான உபசரிப்பை உறுதி செய்ய என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் என்றார். 'பாஷ்' என்பது இந்தியாவுக்குக் கப்பலில் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் நிழலான அறை பிடித்த சீமான்களின் பயணச்சீட்டில் குத்திய முத்திரை என்றார். ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பு மூட்டையையே சம்பளமாக அளந்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கைதட்டு பலமாக இருந்தது.

இவற்றில் ஒன்றும் நிற்காது. 'நியூஸ்' என்பது புதியது என்ற சொல்லின் பன்மை, புதியவை என்பதுபோல. பிரெஞ்சிலும் இதே அமைப்பு உண்டு. காசு கொடுக்கும் 'டிப்', கொடு என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டுத் திருடர்களின் குழூஉக்குறியாக இருந்தது. எங்கள் தொழிலில் கொழுந்து நுனியைக் குறிக்கும் 'டிப்' அதற்கு அயல். அப்படி முத்திரை குத்திய கப்பல் சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. சம்பளத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் உப்போடு தொடர்புடையது என்பது உண்மை. மூட்டையாக அளந்தார்கள் என்பதற்குப் பழைய சான்று இல்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் பழக்கம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டினுடையது, ஆகவே பழைய சொல்லுக்கு அப்படியொரு கதை வந்தால் உடனே சந்தேகப்படுங்கள் என்று இரண்டாம் வாரத்தில் சொன்னவரே டீச்சர்தான். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளியை மறுக்க மனம் வரவில்லை போலும். அடுத்த வாரமாவது திருத்துவார் என்று காத்திருந்தேன். திருத்தவில்லை. படியிறங்கும்போது நானாகக் கேட்டதற்கு, தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று சிரித்தார். 1,500 ரூபாய் கொடுத்தவர்கள் தெரியாமல்தானே வருகிறார்கள்? பேக்கரிக் கடையில் அந்த நான்கு திசைக் கதை இப்போது வாடிக்கையாளர்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாரந்தோறும் தரும் ஒளிநகல் தாள்களும் சுமார். எழுத்து மிகச் சிறிது. பழைய ஆங்கிலத்துக்கே உரிய எழுத்துகள் கணினியில் ஏறாமல் வெறும் கட்டங்களாக அச்சாகியிருந்தன. அந்தக் கட்டங்களில் ஒன்று 'தார்ன்' என்ற எழுத்து என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பழமைத் தோற்றத்துக்காக மலைவாசத்தலக் கடைப் பலகைகளில் 'யீ ஓல்டு' என்று எழுதுகிறார்களே, அந்த 'யீ' என்று யாரும் பேசியதே இல்லை. அது 'தி' என்ற சொல்தான்; அதன் முதல் ஒலிக்குரிய தார்ன் அச்சுக்கூடங்களில் இல்லாததால், அதைப் போலத் தோன்றிய 'ஒய்' எழுத்தை வைத்த பிழை அது. நல்ல செய்தி, தாளில் வந்திருக்க வேண்டியது.

ஆறாம் வாரம் எந்தச் சொல்லில் முடிப்பது என்று டீச்சர் எங்களையே கேட்டார். 'செட்' என்று கோத்தகிரிக்காரர்கள் சொன்னார்கள். 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு அதற்கு 430 பொருள் தருகிறது. இரண்டு மணி நேரம் போதாது என்று ஒதுக்கிவிட்டார். அந்த வாரம் சனிக்கிழமை வேலைநாளாக வந்ததால் நான் அரைநாள் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அதைச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார். 'லீவ்' இரண்டு தூர். நீங்கிப்போதல், விட்டுவைத்தல் என்ற வினை ஒன்று. அலுவலகத்தில் கேட்கும் லீவ் வேறு. அதன் பொருள் அனுமதி, அன்பைக் குறிக்கும் 'லவ்' என்ற சொல்லுக்கு அது உறவு. மேலாளர் லீவ் கொடுக்கிறார் என்றால் சொல்லின்படி மனமுவந்து இசைகிறார் என்று பொருள். என் மேலாளரின் முகம் நினைவுக்கு வந்தது. சொற்பிறப்பு எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது.

தமிழில் இது ஒரே தூர். விடு என்ற வினை ஒன்றுதான். அதிலிருந்து விடுப்பு, விடுமுறை, விடுதலை, விடுதி, விடை. ஆங்கிலத்தில் அனுமதி என்ற 'லீவ்' எடுத்துக்கொண்டு கிளம்புவதுபோல நாமும் விடை பெற்றுக்கொண்டு கிளம்புகிறோம். கேள்விக்குத் தருவதும் விடை. மூன்றாவதாக ஒரு விடை உண்டு என்று பெரியவர் நினைவூட்டினார்: சிவன் ஏறும் காளை.

அடுத்த வரிசை பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறது. பிளஸ் டூ அளவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும். லத்தீனைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐந்தாம் வாரம் சிறப்புப் பேச்சாளர் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, உண்டு என்றால் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளலாம். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, மழையில் வழுக்கும். ஆறு மணிக்குமேல் அந்தச் சாலையில் காட்டெருமை இறங்குவதால் கட்டாயம் டார்ச் வேண்டும். கடைசி நாள் விடை பெற்றுக்கொண்டு இறங்கிய எங்களுக்கு வாசல் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய விடையே நின்றிருந்தது. அது நகரும்வரை இருபது நிமிடம் பதினொரு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.